களைப்புக்கு மருந்து பணிவிலகல் அன்று

சென்ற வாரமும் ஒருவர் வந்தார். வயது 39, தக்கலைப் பக்கம் சொந்த ஊர். பெங்களூரில் 15 ஆண்டுகள் மென்பொருள் துறையில் உழைத்து, ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு பணம் சேர்ந்ததும், இனிச் சம்பளம் இல்லாமலே காலம் தள்ளலாமென்று வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர். எட்டு மாதங்கள் கழிந்த பின்னும், சர்வர் நின்றுவிட்டதென்று நள்ளிரவில் அழைப்பு வந்த காலத்தில் எழுந்த அதே நேரத்துக்கு விழித்துக்கொள்கிறார். ஆசையாக வாங்கிய ரப்பர் விளைப் பக்கமும் போவதில்லை. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

“வேலை பிடிக்காமல் போய்விட்டது டாக்டர், அதனால்தான் விட்டேன்” என்றார். நாகர்கோவிலில் மனநல மருத்துவம் பார்க்கும் நான் இதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். பிடிக்கவில்லை என்பது வேறு, முடியவில்லை என்பது வேறு. நெடுநாள் தணியாத பணி அழுத்தத்தால் வரும் ‘பர்ன்அவுட்’ நிலைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு மூன்று அடையாளங்களைக் கூறுகிறது: ஆற்றல் வற்றிப்போதல், வேலையின் மீது விலகலும் கசப்பும், செய்திறன் குறைதல். இரண்டாவதைக் கவனியுங்கள். அந்த வெறுப்பே ஓர் அறிகுறி; அதைத்தான் நீங்கள் வாழ்க்கை முடிவென்று எண்ணிக்கொள்கிறீர்கள். காய்ச்சலில் வாய் கசந்தவர் இனி ஆயுள் முழுக்கச் சோறே வேண்டாமென்று தீர்மானிப்பதில்லையே! வேலையை விட்டு இத்தனை மாதங்களாகியும் உறக்கமும் ஆர்வமும் திரும்பவில்லையென்றால், அதைப் பணிக்களைப்பு என்று ஒதுக்கிவிடாமல், மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். (தைராய்டு குறைபாடும் இப்படிச் சோர்வைத் தரலாம் என்பதால் அதற்கான பரிசோதனையை முதல் நாளே எழுதிவிடுவேன்.)

அந்த 25 மடங்குக் கணக்கும் முழுக் காவல் அன்று. நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் அமெரிக்கச் சந்தைத் தரவுகளை வைத்து 30 ஆண்டு ஓய்வுக்காலத்துக்குப் போட்ட கணக்கு அது. 39 வயதுக்காரருக்கு 50 ஆண்டுகள்கூடத் தேவைப்படலாம்.

ரப்பரை நம்பி வருபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கன்று நட்டுப் பால்வெட்டத் தொடங்க ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும். வெட்டுகிறவர் விடியுமுன்பே எழ வேண்டும். அது இன்னொரு தொழில், ஓய்வன்று.

ஆகவே பணிவிலகல் கடிதம் எழுதுமுன் நீண்ட விடுப்பு எடுங்கள். நிரல் எழுதுவது கசந்ததா, இரவு அழைப்புகள் கசந்தனவா என்று பிரித்துப் பாருங்கள். பலருக்குக் குழுவை மாற்றினாலே போதும். அப்போதும் விலகத்தான் வேண்டுமென்றால் தாராளமாக விலகுங்கள், ஆனால் நிறுவனத்தின் குழுக் காப்பீடு அத்தோடு போய்விடும் என்பதால் சொந்த மருத்துவக் காப்பீட்டை முன்னதாகவே எடுத்துவிடுங்கள். உறக்கம் கெட்டால் காத்திருக்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வாருங்கள், அல்லது அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசுங்கள்.

வீட்டிலுள்ள பெரியவர்களிடமும் மன்றாடிக் கேட்கிறேன்: திரும்பி வந்த மகனையோ மகளையோ “சும்மா இருக்கிறாயே” என்று சொல்லாதீர்கள், இரவில் உறங்கினாயா என்று கேளுங்கள்.