பெரிய விசிறி, நிதானமான காற்று

ஒரு விமான நிறுவனம் பழைய விமானங்களுக்கு விடைகொடுத்துவிட்டுப் புதியவற்றை வாங்கும்போது, எரிபொருள் 15 முதல் 20 சதவீதம் வரை மிச்சமாகும் என்று சொல்வார்கள். ஆனால் பழைய ஏர்பஸ் ஏ320 விமானத்தையும் 2016இல் சேவைக்கு வந்த ஏ320நியோவையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். அதே உடல், அதே மூக்கு. வித்தியாசம் தெரிவது எஞ்சினின் வாயில்தான். பழைய சிஎஃப்எம்56-5பி எஞ்சினின் முன்விசிறி 1.73 மீட்டர் குறுக்களவு. நியோவில் இரண்டு ரகங்களில் ஒன்று வரும்: லீப் எஞ்சினுக்கு 1.98 மீட்டர், பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் எஞ்சினுக்கு 2.06 மீட்டர். மிச்சத்தில் பெரும்பங்கு இந்த ஒரு சாண், ஒன்றரைச் சாண் அகலத்திலிருந்துதான் வருகிறது.

எப்படி? காற்றைப் பின்னால் தள்ளித்தான் விமானம் முன்னால் போகிறது. எவ்வளவு காற்று, அதற்கு எவ்வளவு கூடுதல் வேகம் என்ற இரண்டையும் பெருக்கினால் உந்துவிசை. ஆனால் விமானம் கடந்துபோன பிறகும் அந்தக் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது அல்லவா, அதில் தங்கிப்போகும் ஆற்றல் முழுக்க வீண். அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 1 கிலோ காற்றுக்கு நொடிக்கு 20 மீட்டர் வேகம் கொடுத்தால் வீணாவது 200 ஜூல். 2 கிலோ காற்றுக்கு 10 மீட்டர் வேகம் கொடுத்தால் உந்துவிசை அதேதான், வீணாவதோ 100 ஜூல். நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளு என்பதுதான் இந்தத் துறையின் அறுபது ஆண்டுக் கதை.

அதனால்தான் இன்றைய எஞ்சினில் உள்ளே நுழையும் காற்றில் பெரும்பகுதி நெருப்பையே பார்ப்பதில்லை. விசிறி அதைத் தள்ள, எரியும் மையப்பகுதியைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடும். பழைய எஞ்சினில் மையத்துக்குள் போகும் 1 பங்குக்கு 6 பங்கு அளவில் வெளியே போனது. நியோ எஞ்சின்களில் அது 11, 12 பங்கு. சத்தம் குறைந்ததற்கும் காரணம் இதுவே: பீறிட்டு வரும் காற்றின் இரைச்சல் அதன் வேகத்தின் எட்டாம் அடுக்கில் ஏறுகிறது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே காதுக்கு நிம்மதி.

சரி, விசிறியை இன்னும் பெரிதாக்கிவிட்டால் என்ன? இங்கேதான் சிக்கல். பெரிய விசிறி வேகமாகச் சுற்றினால் இதழ்களின் நுனி ஒலியின் வேகத்தை மிஞ்சி, அதிர்ச்சி அலைகளில் ஆற்றலைக் கரைக்கும். ஆகவே அது மெதுவாகச் சுற்ற வேண்டும். ஆனால் அதைச் சுழற்றும் டர்பைன், அதாவது எரிந்த வாயு பாய்ந்து சுழற்றும் இதழ்ச்சக்கரம், வேகமாகச் சுற்றினால்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டும் ஒரே தண்டில். பிராட் அண்ட் விட்னி நடுவில் ஒரு கியரை வைத்தது. டர்பைன் மூன்று சுற்றுச் சுற்றினால் விசிறி ஏறக்குறைய ஒரு சுற்று. கேட்க எளிது. ஆனால் அந்தப் பல்சக்கரங்கள் வழியே 20,000 குதிரைசக்தி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உராய்வில் 1 சதவீதம் போனாலும் 200 குதிரைசக்தி, அதாவது இரண்டு கார்களின் முழு பலம், ஒரு சிறு பெட்டிக்குள் வெறும் சூடாக மாறும். அதை எண்ணெய் ஓயாமல் அள்ளிக்கொண்டு போக வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் வேலை.

லீப் எஞ்சினில் கியர் கிடையாது. அங்கே எடையில் கைவைத்தார்கள்: பழைய எஞ்சினின் விசிறியில் 36 டைட்டானியம் இதழ்கள் இருந்த இடத்தில், கார்பன் இழையை முப்பரிமாணத்தில் நெய்து செய்த 18 அகன்ற இதழ்கள். மையப்பகுதியின் வெப்பத்தையும் கூட்டினார்கள். அங்குள்ள வாயு, டர்பைன் இதழின் உலோகம் உருகும் வெப்பநிலையையே தாண்டியது. இதழிலுள்ள நுண்துளைகள் வழியே கசியும் காற்றுப் படலம்தான் அதைக் காப்பாற்றுகிறது.

இறக்கை நுனியில் நிமிர்ந்து நிற்கும் மடிப்பும் சில சதவீதம் சேமித்துத் தரும். போயிங் 787இன் எடையில் பாதி கார்பன் இழைக் கலவை போன்றவைதான். உடல் இளைத்தால் எரிபொருள் குறையும், அதைச் சுமக்கும் எரிபொருளும் குறையும்.

ஆனால் பெரிய விசிறிக்கு இறக்கைக்கடியில் இடம் வேண்டுமே. போயிங் 737 தரையை ஒட்டி நிற்கும் விமானம். மேக்ஸ் ரகத்தில் எஞ்சினை முன்னும் மேலும் நகர்த்திப் பொருத்தியதால், சில நிலைகளில் மூக்கு மேலே எழும் போக்கு வந்தது. அதை அடக்க வைத்த மென்பொருள் ஒரே ஒரு உணரியை நம்பியது. அந்த உணரி தவறான தகவல் தர, மென்பொருள் மூக்கைக் கீழே தள்ளி, 2018இலும் 2019இலும் நடந்த இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள். எரிபொருள் சேமிப்பைப் பற்றி எழுதும் யாரும் இதை விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

அப்புறம், விசிறி வளர வளர அதைச் சுற்றியுள்ள உறையும் வளர்கிறது. ஒரு கட்டத்தில் உறையின் எடையும் காற்றுத்தடையும் சேர்ந்து மிச்சத்தை விழுங்கிவிடும். அதனால் லீப் எஞ்சினைச் செய்யும் சிஎஃப்எம் நிறுவனம் 2021இல் அறிவித்த ரைஸ் திட்டத்தில் உறையே இல்லை. பெரிய இதழ்கள் வெட்டவெளியில் சுழலும். இன்றைய எஞ்சின்களைவிட இன்னும் 20 சதவீதத்துக்கு மேல் எரிபொருளைக் குறைப்பது அதன் இலக்கு.