‘சேமித்து அழி’ என்ன தமிழ்?

ராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் படகுக்காரர்கள் இப்போது எதற்கெடுத்தாலும் செல்போனில் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது. அடியில் ‘சேமி’ என்றொரு பட்டன். விற்றுவிட்ட படகைப் பட்டியலிலிருந்து எடுக்கப் போனாலோ ஆங்கிலத்து ‘சேவ் அண்ட் டிலீட்’ என்பதன் மொழிபெயர்ப்பாக ‘சேமித்து அழி’ என்று வருகிறது. எதைச் சேமிப்பது, எதை அழிப்பது? இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

உள்ளே நடப்பது இதுதான். படகை எடுக்குமுன் காரணம் கேட்கிறது படிவம். ‘விற்றாயிற்று’, ‘புயலில் உடைந்தது’ என்று எழுதுகிறோம். எழுதியது அந்த நேரத்தில் பிரவுசரில் மட்டும்தான் இருக்கிறது. அது சர்வர் என்கிற தொலைவிலுள்ள கணினிக்குப் போய், அங்கே தகவல்களை வைத்திருக்கும் தரவுத்தளத்தில் ஏறிய பிறகே படகின் பதிவை எடுக்க வேண்டும். காரணத்தையும் அதே பதிவுக்குள் எழுதினால் இரண்டும் சேர்ந்தே போய்விடும் என்பதால் அதைத் தனி அட்டவணையில் வைப்பார்கள். ஆக, தங்குவது காரணம், போவது பதிவு. ‘சேமித்து அழி’யில் இந்த வேறுபாடு எங்கே இருக்கிறது?

‘சேமி’, சேமம் என்பதிலிருந்து வந்தது. சேமம், வடமொழி க்ஷேமம். நலம், பாதுகாப்பு என்று பொருள். ஆங்கிலத்து ‘சேவ்’ என்பதற்கும் அடியில் இருப்பது பாதுகாப்புதானே, பொருத்தமாகத்தானே இருக்கிறது என்பார்கள். அகராதியில் பொருந்தலாம். நம் கடற்கரையில் சேமிப்பு என்றால் பணம். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் கட்ட, அரசு 3,000 சேர்த்து 4,500 ரூபாயாகக் கொடுக்கிறது. பின்னால் எடுத்துச் செலவழிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைப்பதுதான் சேமிப்பு. படகு விற்ற காரணத்தை யார் எடுத்துச் செலவழிக்கப் போகிறார்கள்? ஒரு படத்தைப் பிறகு பார்க்கலாமென்று போனில் வைத்துக்கொள்வதைச் சேமிப்பு என்றால்கூட ஒப்புக்கொள்வேன். படிவத்துக்கு அது ஒட்டவே ஒட்டாது.

படிவத்துக்கு ‘பதி’ இருக்கிறது. நல்ல தமிழ் வினை. ஈர மணலில் கால் பதிகிறது, முத்திரை பதிக்கிறோம், பத்திரம் பதிகிறோம். ஒன்று ஓரிடத்தில் அழுந்தித் தங்குவதை அந்தச் சொல்லே காட்டுகிறது. ‘ரெக்கார்டுக்கும் பதிவு, சேவுக்கும் பதியா, குழம்பாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. எழுத்தை எழுதுகிறோம், பாட்டைப் பாடுகிறோம். அங்கெல்லாம் யாரும் குழம்பவில்லையே.

அப்புறம் ‘அழி’. பல செயலிகள் பதிவை உண்மையில் அழிப்பதில்லை. நீக்கப்பட்டது என்று ஒரு குறி மட்டும் போட்டு மறைத்து வைக்கின்றன. அதற்கு ‘நீக்கு’தான் சரி. திரும்ப எடுக்கவே முடியாதபடி போவதற்கு மட்டும் ‘அழி’. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால், பார்ப்பவர் எதை நம்பி விரலை வைப்பார்?

மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறை சொல்ல முடியாது. பல இடங்களில் திரையைக் காட்டாமல் சொற்களை மட்டும் வரிசையாக அனுப்பிவிடுகிறார்கள். ஆனால், எதை என்று திருப்பிக் கேட்க வேண்டாமா? கேட்டிருந்தால் ‘காரணத்தைப் பதிந்து, படகை நீக்கு’ என்று தானாக வந்திருக்கும். பக்கத்தில் ‘கேன்சல்’ என்பதற்குப் போட்டிருக்கும் ‘ரத்து செய்’யையும் ‘வேண்டாம்’ என்று மாற்றட்டும். அதைத் தொட்டால் படகின் பதிவே ரத்தாகிவிடும் என்றல்லவா படிக்கத் தோன்றுகிறது.