பெயருக்குத்தான் 12 வோல்ட்: வண்டியில் வைக்கும் சின்னக் கருவிக்கு மின்சாரம் தருவது எப்படி?

ஜிபிஎஸ் டிராக்கர் போன்ற ஒரு சின்னக் கருவிக்கு வேண்டியது 5 வோல்ட், அரை ஆம்பியர். இடையில் 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் ஒரு 7805 ரெகுலேட்டர் சில்லு போதுமே என்று தோன்றும். ஆனால் இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14.4 வோல்ட் வரை இருக்கும். மிச்சமுள்ள 9.4 வோல்ட்டும் வெப்பமாகத்தான் போகவேண்டும்: அரை ஆம்பியரில் 4.7 வாட். மூடிய பெட்டிக்குள் ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாமல் இதைத் தாங்க முடியாது. பக் கன்வெர்ட்டர் (வேகமாக ஆன்-ஆஃப் செய்து மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்று) 90 சதவீதத் திறனில் இதே வேலையைச் செய்தால் வீணாவது 0.3 வாட்தான். இந்தப் பகுதி சுலபம். பெட்டியின் அளவைத் தீர்மானிப்பது உள்ளே வரும் மின்னழுத்தத்தின் இரண்டு ஓரங்கள்.

மேல் ஓரத்தை முதலில் பார்ப்போம். ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்றும் மின்னாக்கி) முழு மூச்சில் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி இணைப்பு கழன்றால், அந்த மின்னோட்டம் போக இடமில்லாமல் மின்னழுத்தம் எகிறும். இதுதான் லோட் டம்ப். ஐஎஸ்ஓ 16750-2 தரநிலைப்படி, கட்டுப்படுத்தப்படாத 12 வோல்ட் அமைப்பில் இது 100 வோல்ட் வரை போகலாம், 400 மில்லிசெகண்ட் வரை நீடிக்கலாம். உள்ளேயே கட்டுப்படுத்தும் டையோடுகள் உள்ள ஆல்டர்னேட்டரில் 35 வோல்ட்டோடு நிற்கும். இது போதாதென்று, ரிலே, மோட்டார் போன்றவை அணையும்போது மைனஸ் 150 வோல்ட் வரை எதிர்த்திசைத் துடிப்புகளும் வரும். அவை 2 மில்லிசெகண்டில் அடங்கிவிடும்.

பலரும் 600 வாட் டிவிஎஸ் டையோடு (அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைத் தன் வழியே கடத்தி அடக்கும் பாகம்) ஒன்றை வைத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த 600 வாட், சுமார் ஒரு மில்லிசெகண்ட் துடிப்புக்கான கணக்கு. 100 வோல்ட் லோட் டம்பை, ஆல்டர்னேட்டர் பக்கமுள்ள 2 ஓம் மின்தடை வழியாக, 39 வோல்ட்டில் அடக்கினால், தொடக்கத்தில் 30 ஆம்பியர், அதாவது 1,200 வாட்டுக்கு ஒரு துளி குறைவு. அதுவும் நூற்றுக்கணக்கான மில்லிசெகண்டுக்கு. சின்ன டிவிஎஸ் ஷார்ட் ஆகி ஃப்யூஸைக் கொண்டுபோகும். எனவே ஆல்டர்னேட்டரில் கட்டுப்பாடு உள்ள வண்டிக்கு எஸ்எம்பிஜே33சிஏ என்ற 600 வாட் டிவிஎஸ் போதும். இல்லாத வண்டிக்கு லோட் டம்புக்கென்றே வரும் பெரிய டிவிஎஸ் வேண்டும். கடைசி இரண்டு எழுத்துகளைக் கவனியுங்கள்: 'சிஏ' என்றால் இருதிசை. ஒருதிசை வகையை முன்னால் வைத்தால், பேட்டரியைத் தலைகீழாக மாட்டியதுமே ஃப்யூஸ் போய்விடும். 33 வோல்ட் வகை எதற்கு என்றால், 35 வோல்ட் லோட் டம்பிலும் அது கடத்தக்கூடாது; இரண்டு பேட்டரியைத் தொடரில் சேர்த்து ஜம்ப் ஸ்டார்ட் செய்பவர்களும் உண்டு. இந்த டிவிஎஸ் 53 வோல்ட்டில்தான் அடக்குகிறது என்பதால், பின்னால் வரும் கன்வெர்ட்டர் 60 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். எல்எம்2596 என்ற பக் கன்வெர்ட்டர் மாட்யூலின் வரம்பு 40 வோல்ட். இதற்கு அது ஆகாது.

கீழ் ஓரம், ஸ்டார்ட்டர் சுழலும் தருணம். முதல் 15 மில்லிசெகண்டு அளவுக்கு மின்னழுத்தம் 6 வோல்ட்டுக்கோ அதற்கும் கீழேயோ விழும். பிறகு 8, 9 வோல்ட்டுக்கு ஏறிவிடும். 5 வோல்ட் தர 6.5 வோல்ட்டாவது கேட்கும் கன்வெர்ட்டர் இங்கே தடுமாறும், கருவி ரீசெட் ஆகும். இடைவெளியைக் கடக்க கெப்பாசிட்டர் வேண்டும். உள்ளீட்டில் 2.8 வாட், 15 மில்லிசெகண்ட் என்றால் 0.042 ஜூல். அது 11.4 வோல்ட்டிலிருந்து 6.5-க்கு இறங்கலாம் என்றால் தேவை சுமார் 950 மைக்ரோஃபாரட். 20 சதவீத ஏற்ற இறக்கம், குளிரில் குறைவது, வயதாவது எல்லாம் சேர்த்து 1500 மைக்ரோஃபாரட், 50 வோல்ட், 105 டிகிரி எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் போடலாம். இதையே 5 வோல்ட் பக்கம் வைத்து, 4.75 வரை இறங்க விட்டால், கன்வெர்ட்டர் இழப்பைக் கழித்த பிறகும் 30,000 மைக்ரோஃபாரட் கேட்கும். ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பத்தான் சேரும்.

இங்கே ஒரு பொறி உண்டு. தலைகீழ் இணைப்பைத் தடுக்க பி-சேனல் மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) போடுவது நல்ல வழக்கம்தான், இழப்பு குறைவு. ஆனால் பேட்டரி 6 வோல்ட்டுக்கு விழும்போதும் அது கடத்திக்கொண்டே இருக்கும். சேமித்து வைத்ததெல்லாம் திரும்பி ஸ்டார்ட்டர் மோட்டாருக்கே ஓடும். ஒரு திசையில் மட்டும் கடத்தும் சாதாரண ஷாட்கி டையோடு இந்த வேலையைச் சரியாகச் செய்யும். அதில் 100 வோல்ட் வகையாக எடுங்கள்: எதிர்த்திசைத் துடிப்பு மைனஸ் 53-ல் அடங்கும்போது பின்னால் கெப்பாசிட்டரில் 14 வோல்ட் இருக்கும், ஆக டையோடின் மேல் 67. 60 வோல்ட் வகை இதைத் தாங்காது.

பெட்டி சின்னதாக வேண்டுமென்றால், கருவியை 3.3 வோல்ட்டில் ஓடுவதாகத் தேர்ந்தெடுப்பதே நல்ல வழி. கன்வெர்ட்டர் 4 வோல்ட்டிலும் வேலை செய்யும் வகையாக இருந்தால், 6 வோல்ட் வரையிலான இறக்கத்துக்கு அந்தப் பெரிய கெப்பாசிட்டரே தேவைப்படாது. அப்படி நீக்கினாலும் 47 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றை விட்டுவைக்கவேண்டும். செராமிக் கெப்பாசிட்டர் மட்டும் இருந்தால், நீள வயரின் தூண்டலோடு சேர்ந்து, இணைக்கும் கணத்தில் மின்னழுத்தம் இரட்டிப்பாகத் துள்ளும்.

அதிர்வில் முதலில் போவது கனமான பாகங்களின் கால்கள். கன்வெர்ட்டரின் கம்பிச்சுருளான இண்டக்டரையும் எலக்ட்ரோலிட்டிக்கையும் போர்டோடு சிலிகானால் ஒட்டவும். காடி வாசனை வரும் சிலிகான் செம்பை அரிக்கும். நியூட்ரல் வகையே வேண்டும். செராமிக் கெப்பாசிட்டர்களை ஸ்க்ரூ ஓட்டைக்கு அருகில் வைத்தால், போர்டு வளையும்போது விரிசல் விட்டு ஷார்ட் ஆகும். 2 ஆம்பியர் ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து வயர் பிரியும் இடத்தில் இருக்கட்டும், பெட்டிக்குள் அல்ல. அது காப்பது வயரைத்தான்.

சாவியை அணைத்த பின்னும் 10 மில்லிஆம்பியர் ஓடினால் மாதத்துக்கு 7.2 ஆம்பியர்-மணி போகும். சின்ன பேட்டரியை அது காலி செய்துவிடும். சும்மா இருக்கையில் 100 மைக்ரோஆம்பியருக்குக் கீழ் இழுக்கும் கன்வெர்ட்டரைத் தேடி எடுப்பது இதனால்தான்.