காதால் போட்ட கோடு

"1940-இல் பிரிட்டன் முழுக்க விளக்கை அணைத்து வைத்திருந்தார்களே, ஜிபிஎஸ்ஸும் கிடையாது. ஜெர்மன் விமானங்கள் நடுராத்திரியில் எப்படிச் சரியான ஊரைக் கண்டுபிடித்தன?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

நிலவொளி, ஆறுகளின் வளைவு, நட்சத்திரம் எல்லாம் உதவத்தான் செய்தன. ஆனால் மேகம் மூடிய இரவிலும் கைகொடுத்த ஒரு வழி இருந்தது. விமானி அதை ஹெட்போனில் கேட்டார்.

க்னிக்கபைன் என்று அதற்குப் பெயர். ஜெர்மன் மொழியில் 'வளைந்த கால்'. ஜெர்மனியின் கிளேவே, டென்மார்க் எல்லையை ஒட்டிய ஸ்டோல்பெர்க் போன்ற இடங்களில் இருந்த பெரிய ஆன்டெனாக்கள் பிரிட்டனை நோக்கி ரேடியோ கற்றைகளை அனுப்பின. ஒரு கற்றை வழியே பறக்க வேண்டும். வேறோர் இடத்திலிருந்து வரும் இரண்டாவது கற்றை இலக்கின் மேல் குறுக்கே வெட்டும். அது கேட்டதும் குண்டைப் போட வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? கொஞ்சம் கணக்குப் போடுங்கள். அதிர்வெண் 31.5 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் சுமார் 9.5 மீட்டர். ஆன்டெனாவின் அகலம் சுமார் 90 மீட்டர். அலைநீளத்தை அகலத்தால் வகுத்தால் கற்றை விரியும் கோணம் வரும்: ஏறக்குறைய 6 டிகிரி. 400 கிலோமீட்டர் தள்ளிப் போனால் அது 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். அதற்குள் ஒரு மாவட்டமே அடங்கிவிடும். இதை வைத்துக்கொண்டு தொழிற்சாலையை எங்கே தேடுவது?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் வருகிறது. ஒரு கற்றைக்குப் பதிலாக இரண்டு கற்றைகளைக் கொஞ்சம் விலக்கி, ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி அனுப்பினார்கள். ஒன்றில் மோர்ஸ் புள்ளிகள், மற்றதில் கோடுகள். கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் புள்ளி கச்சிதமாகப் பொருந்தும். இரண்டும் ஒரே பலத்தில் வந்தால் புள்ளியும் தெரியாது, கோடும் தெரியாது, 'ஙீ...' என்று ஒரே சீரான ஓசைதான். கொஞ்சம் விலகினால் ஒரு பக்கம் புள்ளி எட்டிப் பார்க்கும், மறுபக்கம் கோடு.

கற்றையின் நடு உச்சி மொட்டை மேடு மாதிரி. அதில் இங்கும் அங்கும் நகர்ந்தாலும் பலம் பெரிதாக மாறாது. ஓரமோ செங்குத்துச் சரிவு. இரண்டு சரிவுகள் வெட்டும் இடத்தில் நின்றால், ஓரடி வைத்தாலும் ஒன்று ஏறும், மற்றது இறங்கும். தராசுத் தட்டில் எத்தனை கிலோ இருந்தால் என்ன, முள் நடுவில் நிற்கிறதா என்பது மட்டும் போதுமல்லவா? 40 கிலோமீட்டர் பட்டைக்குள் சில நூறு மீட்டர் கோட்டைப் போட்டுக்கொடுத்தது அந்த ஒப்பீடுதான்.

இதைத் துப்பறிந்தவர் ஆர். வி. ஜோன்ஸ், பிரிட்டிஷ் உளவுப் பணியில் இருந்த 28 வயது இயற்பியலாளர். ஜெர்மானியரின் எனிக்மா இயந்திரத்தில் சங்கேதமாக்கி அனுப்பிய செய்தி ஒன்றில் கிளேவே, க்னிக்கபைன் என்ற பெயர்களும் பிரிட்டனில் ஓர் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையும் இருந்தன. கீழே விழுந்த விமானங்களில் புதுக் கருவி எதுவும் இல்லை. ஆனால் மூடுபனியில் தரையிறங்க உதவும் சாதாரண ரிசீவரைச் சோதித்தவர் சொன்னார்: "அந்த வேலைக்கு இவ்வளவு கூர்மை தேவையே இல்லை." அந்த அலை பூமியின் வளைவைத் தாண்டி வராது என்று நிபுணர் ஒருவர் மறுத்தார். சரி, மேலே போய்க் கேட்டுவிட்டால் தீர்ந்தது! 1940 ஜூன் 21 இரவு கிளம்பிய ஆன்சன் ரக பிரிட்டிஷ் விமானம் ஒன்று இங்கிலாந்தின் ஸ்பால்டிங் ஊருக்குத் தெற்கே 400, 500 கெஜ அகலத்தில் அந்தச் சீரான ஓசைப் பாதையைக் கண்டுபிடித்தது. தெற்கே புள்ளி, வடக்கே கோடு.

மாற்று மருந்தாக, உடலுக்குச் சூடு கொடுக்கும் மருத்துவமனை டயாதெர்மி கருவிகளைக்கூட எடுத்து பிரிட்டிஷார் ரேடியோ இரைச்சல் கிளப்பினார்கள். பிறகு 'ஆஸ்பிரின்' வந்தது: பிரிட்டனே கூடுதலாகக் கோடுகளை ஒலிபரப்பியது. பிரிட்டன் கற்றையையே வளைத்துவிட்டது என்று இன்றும் எழுதுகிறார்கள். அந்தக் கோடுகள் ஜெர்மன் தாளத்தோடு சேரவில்லை. முள் சாயவில்லை, குழம்பியது, அவ்வளவே.

ஜோன்ஸ் அதிர்ஷ்டத்திலும் ஜெயித்திருக்கிறார். ஜெர்மானியரின் வேறொரு கற்றைக் கருவிக்கு வைத்த 'வோட்டான்' என்ற சங்கேதப் பெயரைப் பார்த்து, வோட்டான் ஒற்றைக்கண் தெய்வம், ஆகவே ஒற்றைக் கற்றை என்று ஊகித்தார். பலித்தது. ஆனால் பல கற்றைகள் கொண்ட எக்ஸ்-கெரேட் என்ற இன்னொரு கருவிக்கும் வோட்டான் என்றுதான் பெயர்! பெயர் ராசி பலிப்பதும் இப்படித்தான்: பலித்ததை மட்டும் ஊர் பேசும்.

அந்த எக்ஸ்-கெரேட்டோடு பிரான்ஸின் வான் நகரிலிருந்து பறந்தது கேஜிஆர் 100 என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானப் பிரிவு. முதலில் போய் நெருப்பு வைப்பது இவர்கள் வேலை. மற்றவர்கள் அந்த வெளிச்சத்தில் குண்டு போடுவார்கள். நவம்பர் 14 இரவு இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அதற்கு எட்டு நாள் முன்பே இந்தப் பிரிவின் விமானம் ஒன்று இங்கிலாந்தின் வெஸ்ட் பே கடற்கரையில் விழுந்திருந்தது. அதை மீட்பது யார் என்று தரைப்படையும் கடற்படையும் முட்டிக்கொண்டன. ரிசீவர் மணலும் உப்புநீருமாகத்தான் ஆய்வகத்துக்கு வந்தது. பிரித்தால் உள்ளே 2000 ஹெர்ட்ஸ் ஒலியை மட்டும் விடும் வடிகட்டி. பிரிட்டிஷ் இரைச்சல் கருவிகள் பாடிக்கொண்டிருந்ததோ 1500-இல். 1500-ஐ சட்ஜமாக வைத்தால் 2000 சுத்த மத்யமம். பாட்டு கற்கும் குழந்தைக்கே அந்த வித்தியாசம் தெரியும்.