வெண்காரப் படிகத்தோடு சிலிகா ஜெல் வேண்டாம்

போன மாதம் ஒருவர் ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே பஞ்சு விரித்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, நடுவில் ஒரு போராக்ஸ் (வெண்காரம்) படிகம். வாங்கியபோது கண்ணாடி மாதிரி இருந்ததாம். இப்போது சுண்ணாம்புக் கட்டி. தொட்டால் விரலில் மாவு ஒட்டுகிறது. அவர் காட்டிய அக்கறைதான் அதைக் கெடுத்தது என்று சொல்ல எனக்கு மனமே வரவில்லை.

கனிம மாதிரிகளைப் பாதுகாப்பது என் வேலை. இந்தத் தவறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அந்தப் படிகம் கலிபோர்னியாவின் போரான் ஊர்ச் சுரங்கத்தில் எடுத்தது. மொஹாவி பாலைவனத்தில் 1913-இல் தண்ணீருக்குத் துளை போட்டபோது போரேட் (போராக்ஸ் வகைக் கனிமம்) தட்டுப்பட்ட இடம் அது. நிலத்தடிச் சுரங்கமாக இருந்து 1957-இல் திறந்தவெளிக் குழியாக மாறியது.

போராக்ஸ் என்றால் வேறொன்றுமில்லை, நம் பொற்கொல்லர்கள் நகை பற்றவைக்கும் வெண்காரம்தான். அதன் எடையில் கிட்டத்தட்ட 47 சதவீதம் தண்ணீர். உலர்ந்த காற்று பட்டால் அந்த நீர் வெளியேறி, மேற்பரப்பு டிங்கால்கோனைட் என்னும் வெள்ளைத் தூளாகிவிடும். அதே குழியில் கிடைக்கும் கெர்னைட்டின் கதை நேர் எதிர். போராக்ஸ் ஆழத்தில் புதைந்து, சூட்டில் நீரை இழந்து உருவான கனிமம் அது. வெளியே வந்ததும் காற்றின் ஈரத்தை இழுத்து அதுவும் டிங்கால்கோனைட் ஆகிறது. ஒன்று காய்ந்து வெளுக்கிறது, மற்றது ஈரம் பட்டு வெளுக்கிறது.

ஆகவே இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். சிலிகா ஜெல் கெர்னைட்டுக்கு உதவும், போராக்ஸுக்கு ஆகாது. போராக்ஸுக்கு இறுக்கமாக மூடும் சின்னக் கண்ணாடி ஜாடி போதும். உள்ளே காற்று குறைவாக இருந்தால், கொஞ்சம் நீர் வெளியேறியதுமே ஈரப்பதம் ஏறி இழப்பு நின்றுவிடும். காட்சிப் பெட்டியில் சூடான விளக்குக்கு அடியில் வைக்கவே கூடாது. கோல்மனைட் மாதிரியான வேறு போரேட்டுகள் திறந்த அலமாரியிலும் அப்படியே இருக்கும், அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

குழியில் எடுக்கும்போதே கவனம் தொடங்க வேண்டும். சுரங்க நிர்வாகத்தின் அனுமதியும் துணைக்கு அவர்கள் ஆளும் இல்லாமல் இறங்காதீர்கள். வெட்டுச் சுவர்களிலிருந்து கல் எப்போது உருளும் என்று சொல்ல முடியாது. கெர்னைட் நீள நீளச் சிராய்களாகப் பிளந்து கையில் ஏறும், கையுறை போடுங்கள். ஒட்டிய களிமண்ணை மென்மையான தூரிகையால் தட்டுங்கள். போராக்ஸைத் தண்ணீரில் கழுவினால் முனைகள் கரைந்து மழுங்கிவிடும். எடுத்த இடத்தையும் தேதியையும் அங்கேயே எழுதி, உடனே மூடிவிடுங்கள். அப்புறம் கையைக் கழுவுங்கள். போரேட் வயிற்றுக்குள் போனால் கெடுதல், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அந்த டப்பாக்காரரிடம் படிகத்தைத் தூக்கிப் போட வேண்டாம் என்றேன். கனிமம் மாறினாலும் போராக்ஸின் முகங்கள் அப்படியே நிற்கின்றன. பெயர்ச் சீட்டை மட்டும் மாற்றி எழுதிக் கொடுத்தேன்: 'டிங்கால்கோனைட், போராக்ஸ் வடிவில்.'