காதோரத் துடிப்பும் மூளைக்குள் புகையும்

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்துப் பாருங்கள், லேசாகத் துடிக்கும். தலைத்தோலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அது. மோயாமோயா நோய் வந்த பெரியவர்களுக்கு, மண்டையோட்டில் சின்னதாக ஒரு ஜன்னல் திறந்து, இந்தத் தமனியைத்தான் மூளையின் பக்கம் திருப்பிவிடுகிறார்கள்.

மோயாமோயா என்பது புகைபோல மங்கலாகத் தெரிவதைக் குறிக்கும் ஜப்பானியச் சொல். மூளைக்கு ஏறும் கரோட்டிட் தமனிகள் மண்டைக்குள் கிளை பிரியும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். கொழுப்பு படிவதால் அல்ல, குழாயின் உட்சுவரே தடித்துப்போவதால். ரத்தம் போதாத மூளை, அடிப்பகுதியில் உள்ள நுண்ணிய குழாய்களை விரித்துச் சமாளிக்கிறது. ஆஞ்சியோகிராமில் அந்தக் குழாய்க் கூட்டம் புகைபோலத் தெரிந்ததால், 1969-இல் சுசுகி, தகாக்கு என்ற இரு ஜப்பானிய மருத்துவர்கள் எழுதிய கட்டுரையோடு இந்தப் பெயர் நிலைத்தது.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ரத்தம் போதாமல் பக்கவாதம் வருகிறது. பெரியவர்களிடம் இன்னொரு ஆபத்தும் உண்டு: பல வருடம் அளவுக்கு மீறிய சுமையைத் தாங்கிய அந்த மெல்லிய குழாய்கள் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிகிறது. ஒருமுறை கசிந்தால் மறுபடியும் கசியலாம்.

தலைத்தோல் தமனியை மூளையின் மேற்பரப்பில் உள்ள ஒரு கிளையோடு மைக்ரோஸ்கோப்பின் கீழ் தைப்பது நேரடி பைபாஸ். தசையையோ தமனியையோ மூளைமேல் படியவைத்து, புதுக் குழாய்கள் தானாக முளைக்கட்டும் என்று விடுவது மறைமுக முறை. குழந்தைகளிடம் இது நன்றாக முளைக்கும், பெரியவர்களிடம் அவ்வளவு நம்பமுடியாது. அதனால் பெரியவர்களுக்கு நேரடி இணைப்பையே முடிந்தவரை நாடுகிறார்கள்.

சரி, வருடங்கள் போனபின் என்ன ஆகிறது? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் 2009-இல் 264 பேரின் 450 அறுவை சிகிச்சைகளைச் சராசரியாக 4.9 ஆண்டு பின்தொடர்ந்து முடிவை வெளியிட்டார்கள். அறுவையின்போதோ பிறகோ பக்கவாதமோ மரணமோ நேரும் வாய்ப்பு, ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 5.5 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அறுவை செய்யாத ஒரு குழுவை அவர்கள் குலுக்கிப் பிரித்து ஒப்பிடவில்லை.

அந்த ஒப்பீட்டை ஜப்பானியர்கள் செய்தார்கள். ஏற்கெனவே ரத்தம் கசிந்த 80 பேர். 42 பேருக்கு இருபக்கமும் நேரடி பைபாஸ், 38 பேருக்கு அறுவை இல்லை. 2014-இல் வந்த முடிவில், மறுகசிவு அறுவை செய்தவர்களில் 5 பேருக்கு, செய்யாதவர்களில் 12 பேருக்கு. வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தாலும் ஆட்கள் குறைவு. புள்ளியியல் கணக்கில் மயிரிழையில்தான் தேறியது. எனக்கு முக்கியமாகப் படுவது அப்புறம் தெரிந்த விஷயம்: மூளையின் பின்பகுதியில் கசிந்தவர்களுக்குத்தான் மறுகசிவு ஆபத்தும் அதிகம், அறுவையால் கிடைத்த பலனும் அதிகம்.

அறுவை ஏன் மறுகசிவைக் குறைக்கிறது என்று யோசித்தால் கணக்கு எளிது. பைபாஸ் நோயைக் குணப்படுத்துவதில்லை. கரோட்டிட் தமனி சுருங்கிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் வெளியிலிருந்து ரத்தம் வரத் தொடங்கியதும் நுண்குழாய்களின் சுமை இறங்குகிறது. சில மாதம் கழித்து எடுக்கும் ஆஞ்சியோகிராமில் அந்தப் புகை பலருக்கு வெளிறியிருக்கும்.

முதல் சில நாட்கள்தான் தந்திரமானவை. பட்டினி கிடந்த மூளைக்குத் திடீரென ரத்தம் பாய்ந்தால் பேச்சு குழறலாம், வலிப்பு வரலாம், அபூர்வமாகக் கசிவும் நேரலாம். அதனால் ரத்த அழுத்தத்தை அதிகமாகவும் விடாமல் குறைவாகவும் விடாமல் பிடித்து வைக்கிறார்கள். வீடு திரும்பியபிறகு கண்ணாடியின் காதுக்கம்பி அந்த இடத்தை அழுத்தாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். அங்கே துடிப்பது இனி தலைத்தோலுக்கான ரத்தம் மட்டும் அல்ல.