எண்ணாமல் எழுதிய 20

பொது வார்டில் நோயாளிகளின் சார்ட்டுகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். காய்ச்சல் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும். பி.பி. ஒருவருக்கு ஏறியிருக்கும், இன்னொருவருக்கு இறங்கியிருக்கும். நாடித்துடிப்பும் அப்படித்தான். மூச்சு எண்ணிக்கைக்கான கட்டத்தில் மட்டும் 20, 20, 18, 20 என்று நீண்டுகொண்டே போகும். இத்தனை பேரும் ஒரே தாளத்தில் மூச்சு விடுவார்களா? மற்ற அளவுகளைக் கருவி சொல்லிவிடுகிறது. மூச்சை மட்டும் ஒரு மனிதர் அருகில் நின்று, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அந்த ஒரு நிமிடம் செவிலியர்களான எங்களுக்குக் கிடைப்பதில்லை.

நானும் அப்படி ஒரு 20 எழுதியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து நான்காவது ஆண்டு. அறுவை சிகிச்சை வார்டில் 24 படுக்கைகள், இரவு 8 முதல் காலை 8 வரை இரண்டு செவிலியர்கள். அன்று என்னுடன் இருந்தவரை வேறொரு பிரிவில் ஆள் இல்லை என்று அழைத்துக்கொண்டார்கள். குடல் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாளில் இருந்த ஒரு பெரியவருக்கு இரவு 10 மணிக்குக் காய்ச்சல் இல்லை, பி.பி. சரியாக இருந்தது. மூச்சுக் கட்டத்தில் 20 என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். எண்ணவில்லை. நள்ளிரவு தாண்டி அவருடைய மகள் வந்து, "சிஸ்டர், அப்பா ஏதோ ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்குகிறார், ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்றார். போய் எண்ணினேன். நிமிடத்துக்கு 32.

பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25-ஐத் தொட்டாலே, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டறியப் பயன்படும் பிரிட்டனின் நியூஸ் (NEWS) மதிப்பீட்டு முறையில் அந்த ஓர் அளவுக்கே மிக உயர்ந்த 3 புள்ளிகள் கொடுத்து, உடனே கவனிக்கச் சொல்கிறார்கள். உடலுக்குள் தொற்று பரவும்போதும் ரத்தம் கசியும்போதும் பி.பி. கடைசிவரை தாக்குப்பிடிக்கும், மூச்சு முதலிலேயே காட்டிக்கொடுத்துவிடும். அவருக்குக் குடல் இணைப்பு கசிந்திருந்தது. அன்றிரவே மறுபடி அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று வாரம் கழித்து வீட்டுக்குப் போனார். மகள் விழித்திருந்ததால் பிழைத்தார். நான் எழுதிய 20, இரவு பத்து மணிக்கே பொய்யாக இருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும்.

செவிலியர் பற்றாக்குறை என்றால் பெரும்பாலானவர்களுக்குக் காலியான நாற்காலிகளும் கூட்டல் கழித்தல் கணக்கும் நினைவுக்கு வருகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை 2023-ஆம் ஆண்டுக்கு ஒரு கணக்குச் சொல்கிறது: உலகில் 2 கோடியே 98 லட்சம் செவிலியர்கள் இருக்கிறார்கள், இன்னும் 58 லட்சம் பேர் தேவை. ஆனால் வார்டில் பற்றாக்குறை வேறு உருவத்தில் வருகிறது. எந்த வேலையும் நின்றுபோனதாகத் தெரியாது. ஊசி போடப்பட்டிருக்கும், டிரிப் ஓடும், மாத்திரை கொடுக்கப்பட்டிருக்கும். இவை மருத்துவர் எழுதிக் கொடுத்தவை; விடுபட்டால் காலையில் கேள்வி வரும். யாரும் எழுதிக் கொடுக்காதவை விடுபடும். திரும்பிப் படுக்க வைப்பது, வாய் சுத்தம் செய்வது, பயந்திருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசுவது, நின்று பார்ப்பது. ஐரோப்பிய நாடுகளில் செவிலியர்களிடமே கேட்ட பெரிய ஆய்வில், நேரமில்லாமல் விடுபட்டவற்றில் முதலிடம் நோயாளியிடம் பேசி ஆறுதல் சொல்வதற்குத்தான். நின்று பேசும் அந்த நேரத்தில்தான் முகம் வெளுத்திருப்பதும், பேச்சு குழறுவதும், ஒரு வாக்கியத்துக்கு நடுவே மூச்சு முட்டுவதும் கண்ணில் படும். பேச நேரமில்லாத செவிலியருக்குப் பார்க்கவும் நேரமில்லை.

என் அந்த இரவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 மணி நேரத்தில் 720 நிமிடங்கள். 24 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 30 நிமிடம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மூச்சை மட்டும் ஒழுங்காக எண்ணுவதற்கே 72 நிமிடங்கள். ரத்தம் ஏற்றினால் முதல் 15 நிமிடம் அருகிலேயே இருக்க வேண்டும். நரம்பு வழியாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கைக் கரைத்து, சரிபார்த்து, மெதுவாகச் செலுத்த வேண்டும். இரண்டு பேருக்கு ரத்தம், பத்துப் பேருக்கு ஆன்டிபயாடிக், நடுவில் ஒருவருக்கு வாந்தி, இன்னொருவர் கட்டிலிலிருந்து இறங்கப் பார்க்கிறார். இதில் எதையும் வேகமாகச் செய்ய முடியாது. வேகப்படுத்த முடிந்தது மூச்சு எண்ணுவதை மட்டும்தான், அதுவும் எண்ணாமலே எழுதி.

ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளி என்பது வசதிக்கான விஷயம் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அது. செவிலியர் பணி பற்றி ஆராயும் லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. நான்கு நோயாளி எட்டானால் 31 சதவீதம். பிறகு ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் செய்த ஆய்விலும், 2014-இல் வெளியானபோது, ஏறக்குறைய அதே 7 சதவீதம்தான் கிடைத்தது. பட்டம் பெற்ற செவிலியர்களின் பங்கு 10 சதவீதம் கூடினால் இறப்பு வாய்ப்பு 7 சதவீதம் குறைந்ததையும் அவர்கள் கண்டார்கள். செவிலியர் இடத்தை உதவியாளரைக் கொண்டு நிரப்பிவிட்டுக் கணக்கு நேராகிவிட்டது என்று சொல்பவர்கள் இந்த இரண்டாவது எண்ணையும் படிக்க வேண்டும்.

சட்டம் போட்டு வரம்பு வைத்த இடங்கள் இருக்கின்றன. கலிபோர்னியா 1999-இல் சட்டம் இயற்றி 2004-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது வார்டில் இப்போது ஐந்து பேருக்கு ஒருவர். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 2016-இல் குறிப்பிட்ட மருத்துவமனைகளில் பகலில் நான்கு பேருக்கும் இரவில் ஏழு பேருக்கும் ஒருவர் என்று வைத்தது. கூடுதல் ஆள் போட்டால் செலவு தாங்காது என்ற வழக்கமான வாதத்துக்கு அங்கிருந்தே பதில் வந்தது. வரம்பு வந்த 27 மருத்துவமனைகளில் 145 இறப்புகளும் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கை நாட்களும் தவிர்க்கப்பட்டதாக 2021-இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். மிச்சமான பணம், கூடுதல் செவிலியருக்குச் செலவழித்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

உலகின் பெரும்பகுதியில் இப்படி ஒரு வரம்பு காகிதத்தில்கூட இல்லை. செவிலியர் பற்றாக்குறையால் வந்த இடைவெளியைப் பணக்கார நாடுகள் பிற நாடுகளில் படித்தவர்களை வரவழைத்து அடைக்கின்றன. உலகில் ஏழு செவிலியர்களில் ஒருவர் தான் பிறந்த நாட்டுக்கு வெளியே வேலை செய்கிறார்; வருமானம் மிகுந்த நாடுகளில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் வெளிநாட்டில் பிறந்தவர்கள். பற்றாக்குறை மிக மோசமான நாடுகளிலிருந்து வலிந்து ஆள் எடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இல் நெறிமுறை வகுத்தது. அது தானாக முன்வந்து பின்பற்ற வேண்டியது. மீறினால் தண்டனை இல்லை. பெருந்தொற்றின்போது பிலிப்பைன்ஸ், புதிதாக வெளிநாடு செல்லும் சுகாதாரப் பணியாளர்களுக்கு முதலில் தடை போட்டது. பின்னர் ஆண்டுக்கு 5,000 பேர் என்று உச்சவரம்பு வைத்தது. உலகத்துக்கே செவிலியர்களை அனுப்பும் நாட்டுக்கு அந்த நிலை.

என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 24 பேரை ஒற்றை ஆளாகப் பார்த்தவர், ஐந்து பேரை மட்டும் பார்க்கும் வேலை கிடைத்தால் போவார். குடும்பத்தைத் தாங்கும் சம்பளமும் அங்கே கிடைக்கிறது. வறிய நாடுகள் பலவற்றில் படித்து முடித்த செவிலியர் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறார், அதே ஊர் மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்க ஆள் இல்லை. பணியிடத்தை உருவாக்கிச் சம்பளம் கொடுக்கப் பணம் ஒதுக்காததால் வந்த பற்றாக்குறையை, ஆளே கிடைக்கவில்லை என்பதுபோலப் பேசுவது எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. 2030-இல் பற்றாக்குறை 41 லட்சமாகக் குறையும் என்றும், அதில் 70 சதவீதத்துக்கு அருகில் ஆப்பிரிக்க, கிழக்கு மத்திய தரைக்கடல் பிராந்தியங்களில் குவிந்திருக்கும் என்றும் அந்த 2025 அறிக்கை சொல்கிறது. குறையும் என்ற முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு யாரும் நிம்மதி அடைய வேண்டாம்.

இருப்பவர்களை நீண்ட நேரம் நிறுத்தி வைப்பது இன்னொரு வழி. பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்த செவிலியர்கள் தவறு செய்யும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஆய்வு கண்டது. அடுத்தவர் வரும்வரை நில் என்று சொல்லப்படும் ஒவ்வொரு காலையும் இது எனக்கு நினைவுக்கு வரும்.

தவறு நடந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதும் இந்தத் தொழிலின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 2017-இல் ஒரு செவிலியர், பதற்றம் தணிக்கும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். நோயாளி இறந்துபோனார். செவிலியர் தன் தவறை மறைக்கவில்லை. 2022-இல் குற்றவியல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. எச்சரிக்கைகளைக் கவனிக்காமல் போனது பெரிய தவறு; அந்தக் குடும்பத்தின் இழப்புக்கு ஈடே இல்லை. இருந்தாலும் அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசியபோது எங்கள் ஓய்வறையில் ஓர் இளைய செவிலியர், "அப்படியென்றால் இனி யார் சொல்வார்கள் அக்கா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சொல்லப்படாத தவறு அடுத்த வாரம் அடுத்த படுக்கையில் மறுபடியும் நடக்கும்.

நான் என் 20-ஐச் சொன்னேன். மறுநாள் காலை டியூட்டி மாற்றும்போது, அழுகையை அடக்கிக்கொண்டு, எண்ணாமல் எழுதினேன் என்று பொறுப்புச் செவிலியரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நேற்று எத்தனை பேரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்று கேட்டார். 24 என்றேன். அதை எழுதித் தரச் சொன்னார். அந்தக் காகிதத்தை அவர் மேலதிகாரியிடம் கொண்டுபோனார். ஒரு மாதம் கழித்து, இரவில் அந்த வார்டிலிருந்து ஆளை எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

இப்போது ஒரு வார்டின் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: எண்ணினால் எழுது, எண்ண முடியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விட்டுவிடு, ஏன் முடியவில்லை என்று ஓரத்தில் குறி. நோயாளியோடு இருப்பவர்களிடம், மூச்சு வேகமானதாகத் தோன்றினால் நேரம் பார்க்காமல் எங்களைக் கூப்பிடுங்கள், எங்கள் முகம் கடுகடுப்பாக இருந்தாலும் கூப்பிடுங்கள் என்று சொல்லச் சொல்கிறேன். மாதக் கடைசியில் காலிக் கட்டங்களை எண்ணி, அன்றைய இரவுகளில் எத்தனை பேர் பணியில் இருந்தார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதி மேலே அனுப்புகிறேன். முதல் மாதம் அந்தப் பட்டியலைப் பார்த்த நிர்வாகி, உங்கள் வார்டில் மட்டும் ஏன் இத்தனை காலி என்று கேட்டார். மற்ற வார்டுகளின் சார்ட்டுகளையும் எடுத்து, மூச்சுக் கட்டத்தை மட்டும் பார்க்கச் சொன்னேன்.